கேட்டால் பாவமா? வேதப்பாட வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் சபையின் பின்கட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேதப்பாட வகுப்பு நடக்கும். பதினைந்து பேர், சில நாள் இருபது பேர், ஒரு பெரிய பிளாஸ்க்கில் சுக்குக் காபி. பல வருஷமாக அதை நடத்துகிறேன். கேட்கிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிவைத்து, என்னால் முடிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. வசனங்களைப் பெரும்பாலும் 'பழைய திருப்புதல்' என்கிற பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பிலிருந்தே கொடுத்திருக்கிறேன், மனப்பாடமாக இருப்பது அதுதான்.

"சின்ன வயசுலேருந்து நம்பினதைக் கேள்வி கேட்கிறது பாவம் இல்லையா அண்ணே?"

பாவம் என்றால் பெரோயா பட்டணத்தார்தான் முதல் பாவிகள். பவுலே நேரில் வந்து பிரசங்கம் பண்ணியும் அவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை" ஆராய்ந்து பார்த்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. அதற்காக அவர்களுக்குக் கிடைத்தது திட்டு அல்ல, "நற்குணசாலிகள்" என்ற பெயர். பவுலையே சரிபார்க்கலாம் என்றால், போன ஞாயிறு நான் சொன்னதைச் சரிபார்க்க என்ன தயக்கம்?

பேதுருவின் கதை இன்னும் கஷ்டமானது. யோப்பாவில் மேல்வீட்டில் ஜெபம்பண்ணும்போது வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்குகிறது, அதில் எல்லா விதமான மிருகங்களும். அடித்துப் புசி என்கிறது சத்தம். "அப்படியல்ல ஆண்டவரே" என்கிறார் பேதுரு. அவர் பிடிவாதம் வெறும் ஊர்ப்பழக்கம் இல்லை, இன்னின்ன மிருகங்களைத் தின்னக் கூடாது என்று லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பது. மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவர், யூதர் அல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டு வாசற்படி ஏறுகிறார். இந்தப் பேதுரு கீழே இன்னொரு கேள்வியில் திரும்ப வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆனா தோமாவை ஆண்டவர் கண்டிச்சாரே? காணாமல் விசுவாசிக்கிறவன்தானே பாக்கியவான்?"

யோவான் 20-ஐ முழுசாகப் படித்தால் ஒன்று தெரியும். காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல், இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்றார் தோமா. அவர் என்ன கேட்டாரோ அது அப்படியே கிடைத்தது. "உன் விரலை இங்கே நீட்டி" என்று சொன்ன பிறகுதான் மற்ற வார்த்தை வருகிறது. மற்றச் சீஷர்கள் மட்டும் என்ன? கல்லறையிலிருந்து வந்த பெண்கள் சொன்னது அவர்களுக்கு "வீண்பேச்சாக" தோன்றியது என்று லூக்கா 24:11 சொல்கிறது. பத்துப் பேரும் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். சந்தேகப் பட்டம் தோமா ஒருவர் தலையில் மட்டும் ஏறிவிட்டது, பாவம்.

"மூணு ராஜாக்கள் இல்லைன்னா எங்க கிறிஸ்துமஸ் நாடகம் என்ன ஆகிறது?"

மத்தேயு 2-இல் "மூன்று" என்ற எண்ணும் இல்லை, "ராஜா" என்ற சொல் அவர்களுக்கு வரவும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த "சாஸ்திரிகள்" என்றுதான் இருக்கிறது. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதிலிருந்து ஆளும் மூன்றாகிவிட்டது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. அவர்கள் வந்து சேர்ந்ததும் மாட்டுத்தொழுவத்துக்கு இல்லை. "அந்த வீட்டுக்குள் பிரவேசித்து" என்கிறது 11-ஆம் வசனம்.

நாடகத்தை நிறுத்த வேண்டாம். ஜரிகைத்தாள் கிரீடத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிற மூன்று பையன்களின் சந்தோஷத்தில் கைவைக்க எனக்கும் மனசு வராது. ஒரு வருஷம் மட்டும் ஐந்து சாஸ்திரிகளை மேடையேற்றிப் பார்த்தேன். நாடகம் முடிந்ததும் நாலு பேர் பைபிளைத் திறந்து பார்த்தார்கள். அந்த நாலு பேர் போதும்.

"ஏவாள் தின்னது ஆப்பிள்தானே?"

ஆதியாகமம் 3-இல் "கனி" என்றுதான் இருக்கிறது. லத்தீனில் 'மாலும்' என்ற சொல்லுக்குத் தீமை என்றும் பொருள், ஆப்பிள் என்றும் பொருள். ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிளைத் தீட்டினார்கள், நமக்கு அது காலண்டரில் வந்தது. அவ்வளவுதான்.

"டிசம்பர் 25-ம் பைபிள்ல இல்லையா?"

இல்லை. நமக்குக் கிடைத்திருக்கிற தெளிவான பழைய பதிவு ரோமில் 354-இல் தொகுத்த ஒரு நாட்குறிப்பில் இருக்கிறது. கொண்டாடுவதில் தப்பில்லை. பிறந்த தேதி தெரியாத தாத்தாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தேதியில் கேக் வெட்டுகிறோமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

"மகதலேனா மரியாள் விபசாரியா இருந்தவங்கன்னு பிரசங்கத்துலயே சொல்றாங்களே?"

சொல்கிறார்கள். பைபிள் சொல்லவில்லை. லூக்கா 8:2-இல் ஏழு பிசாசுகள் நீங்கின பெண் என்று அவர் பெயர் வருகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில், பரிசேயன் வீட்டில் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த "பாவியாகிய ஒரு ஸ்திரீ" வருகிறாள், அவளுக்குப் பெயரே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பெண்களை ஒருத்தியாக ஒட்டியதில் பெரிய பங்கு போப் முதலாம் கிரகோரிக்கு உண்டு. 591-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பண்ணிய ஒரு பிரசங்கத்தில் பெத்தானியா மரியாளையும் சேர்த்து மூவரையும் ஒரே ஆளாக்கிவிட்டார்.

ஒட்டியது பிரிய எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தியது 1969-இல், அப்போதுதான் மகதலேனா தனி ஆளானார். 2016-இல் போப் பிரான்சிஸ் ஜூலை 22-ஐ, அப்போஸ்தலர்களுக்கு உள்ள அதே தரத்தில், அவருடைய திருவிழாவாக உயர்த்தினார். உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலில் கண்டு, போய்ச் சொல்லச் சொல்லி அனுப்பப்பட்டவர் அந்த அம்மாள். அவர் மேல் சுமார் 1400 வருஷம் ஒரு பழி. நம் கன்வென்ஷன் மேடைகளில் அது இன்னும் இறங்கவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

"புது மொழிபெயர்ப்புல வசனங்களை எடுத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே? அப்போஸ்தலர் 8:37-ஐத் தேடினேன், நிஜமாவே இல்லை!"

இதுதான் அதிகமாக வரும் கேள்வி. வருகிறவர் முகத்தில் பயம் தெரியும். போனில் இரண்டு பைபிள் செயலியைத் திறந்து காட்டுவார்: ஒன்றில் 36, 37, 38. இன்னொன்றில் 36, அப்புறம் 38. மத்தேயு 17:21, மாற்கு 9:44 என்று இன்னும் சில இடங்களும் இப்படித்தான்.

நடந்தது இது. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னால் வேதத்தைக் கையால்தான் எழுதினார்கள். எழுதுகிறவர் ஓரத்தில் ஒரு விளக்கம் குறிப்பார், அடுத்தவர் அதையும் வசனம் என்று நினைத்து உள்ளே சேர்த்துவிடுவார். எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை ஒரு சில பிரதிகள்தான், பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. அந்த வழியில் வந்த பதிப்பை வைத்து 1551-இல் ரோபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் புதிய ஏற்பாட்டு வசனங்களுக்கு எண் போட்டார். நாம் இன்றும் சொல்லுகிற எண்கள் அவைதான். அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் சீனாய் மலையடிவார மடத்திலிருந்து 4-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று வெளியே வந்தது. அதே காலத்து வாத்திக்கான் பிரதியும் அறிஞர்கள் கைக்கு எட்டியது. பிறகு எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகள். அவற்றில் இந்த வசனங்கள் இல்லை. எண் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அதை மாற்றினால் உலகம் முழுக்கக் குழப்பம். அதனால் எண்ணை அப்படியே விட்டு, வசனத்தை அடிக்குறிப்புக்கு இறக்கினார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது "யார் எடுத்தது?" என்பதோடு "யார் சேர்த்தது?" என்பதையும்தான். அடிக்குறிப்பைப் படியுங்கள். ஒளித்துவைக்க நினைக்கிறவன் அதை அடியில் அச்சடித்து வைக்கமாட்டான்.

"1 யோவான் 5:7 போயிட்டா திரித்துவமே போயிடுமே?"

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் புது மொழிபெயர்ப்பிலிருந்து அந்த அதிகாரத்தை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் விரலைப் பைபிளில் வைத்தபடியே எழுந்து, "தம்பி, ஒரு வசனத்தை முழுங்கிட்டீங்களே" என்றார். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி… இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்ற பகுதி அவர் பைபிளில் இருந்தது, என் கையில் இருந்ததில் ஆவி, நீர், இரத்தம் மட்டும்.

எராஸ்மஸ் தம் முதல் பதிப்பிலும் 1519-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அந்த வரியைப் போடவில்லை. கிரேக்கப் பிரதிகளில் காணோம், லத்தீனில்தான் இருக்கிறது என்றார். பெரிய கூச்சல் எழுந்தது. அந்த நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட ஒரு கிரேக்கப் பிரதி முன்வைக்கப்பட்டது (அது இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது). 1522-இல் மூன்றாம் பதிப்பில் வரியைச் சேர்த்துவிட்டார். அங்கிருந்து 1611-இன் ஆங்கில பைபிளுக்கும், நம் பழைய திருப்புதலுக்கும் வந்தது. மார்ட்டின் லூத்தர் தாம் உயிரோடிருந்தவரை தம் ஜெர்மன் பைபிளில் அதைச் சேர்க்கவே இல்லை. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை லூத்தர் மறுத்தவரா என்ன?

திரித்துவத்தை விவாதித்து நிசேயா சங்கம் அறிக்கை வெளியிட்டது 325-இல். அங்கே வாதாடினவர்கள் இந்த வரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மத்தேயு 28:19, யோவான் 1 எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு தூணை எடுத்தால் கூரை விழும் என்று பயந்தோம். எடுத்துப் பார்த்தால் அந்தத் தூண் கூரையைத் தொடவே இல்லை. ரோமாபுரியின் கத்தோலிக்கத் தலைமையும் 1897-இல் இந்த வரியைச் சந்தேகிக்கக் கூடாது என்று சொல்லி, 1927-இல் ஆராயலாம் என்று விளக்கம் கொடுத்தது.

"வெளிப்படுத்தல் கடைசி அதிகாரத்துல ஒரு வார்த்தையை எடுத்தாலே சாபம்னு இருக்கே?"

வெளி 22:19. அந்த வசனம் பேசுவது அந்தத் தீர்க்கதரிசன புஸ்தகத்தைப் பற்றி. சேர்க்கிறவனுக்கும் அதற்கு முந்தின வசனத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எராஸ்மஸுக்குக் கிடைத்த வெளிப்படுத்தல் பிரதி ஒன்றே ஒன்று, அதில் கடைசி ஏடு காணாமல் போயிருந்தது. கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து அவரே கிரேக்கத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஜீவபுஸ்தகத்திலிருந்தும்" அவன் பங்கை எடுத்துப்போடுவார் என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, பழைய கிரேக்கப் பிரதிகளில் அது "ஜீவவிருட்சம்". ஒரு வார்த்தையையும் மாற்றாதே என்று எச்சரிக்கிற வசனத்திலேயே ஒரு வார்த்தை மாறியிருக்கிறது.

"அப்போ எங்க பாட்டி படிச்ச பைபிள் தப்பா?"

தப்பில்லை. என் பாட்டியின் பைபிளும் என்னிடம்தான் இருக்கிறது. சங்கீதப் பக்கங்களில் தேங்காயெண்ணெய் விரல் பட்டுத் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதை வாசித்துத்தான் அவள் ஏழு பிள்ளைகளைக் கரையேற்றினாள்.

ஆனால் "பழைய திருப்புதல்" என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1714-15-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவருக்குப் பின் வந்த மிஷனரி ஃபப்ரீசியஸ் சென்னையில் இருந்து பல ஆண்டு உழைத்து அதைப் புதுக்கினார், அவருடைய பழைய ஏற்பாடு 1796-இல்தான் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் தமிழ்த் துணையோடு பண்ணிய மொழிபெயர்ப்பு 1850-இல் வந்தது. நாம் பழைய திருப்புதல், "ஓ.வி." (ஓல்ட் வெர்ஷன்) என்று சொல்வது இவற்றுக்கெல்லாம் பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உருவாக்கி 1871-இல் முழு வேதமாக வந்தது. அது வந்தபோது லுத்தரன் சபையார் பலர் ஃபப்ரீசியஸை விட்டுக்கொடுக்க மறுத்து, வெகுகாலம் அதையே வாசித்தார்கள். இன்று நாம் கட்டிக்காக்கிற பழசு, ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பாட்டிக்குப் பிடிக்காத புதுசு.

"விபசார ஸ்திரீயின் கதையும் பழைய பிரதிகள்ல இல்லையாமே? அதை இனிமே பிரசங்கம் பண்ணலாமா?"

யோவான் 7:53 முதல் 8:11 வரை மிகப் பழைய பாப்பிரஸ் ஏடுகளிலும், மேலே சொன்ன சீனாய், வாத்திக்கான் பிரதிகளிலும் இல்லை. சில பிரதிகளில் அது லூக்காவில், 21-ஆம் அதிகாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. சம்பவம் சபையில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவந்தது, எழுத்தில் இடம் தேடி அலைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பிரசங்கம் பண்ணுகிறேன். பண்ணும்போது இந்த விவரத்தையும் ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் எழுந்து போனதில்லை.

"யோசுவாவின் காணாமல்போன நாளை நாசா கண்டுபிடிச்சுதே, அதையாவது நம்பலாமா?"

நம்பாதீர்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டபோது ஒரு நாள் குறைந்தது, சூரியன் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் நின்றது என்கிற யோசுவா 10-ஐ வைத்துச் சரிசெய்தார்கள் என்று 1970 வாக்கிலிருந்து சுற்றுகிற கதை. நாசாவே மறுத்துவிட்டது. ஒரு நாள் குறைகிறது என்று சொல்ல, அந்த நாளுக்கு முன்னால் எழுதிவைத்த ஒரு வானியல் கணக்கு வேண்டும், அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவது? இதை எனக்கு அனுப்புகிறவர்கள் நல்லவர்கள், விசுவாசத்தைப் பலப்படுத்தத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு யோபு 13:7-ஐத் திருப்பி அனுப்புகிறேன்: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" நமக்குப் பிடிக்காத கதையைச் சோதிப்பது சுலபம். நம் பக்கம் பேசுகிற கதையைச் சோதிக்கும்போதுதான் நம் யோக்கியதை தெரியும்.

"இப்படி ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே போனா கடைசியில என்னதான் மிஞ்சும்?"

இந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் சிரிக்கமாட்டேன். மேலே உள்ள பதில்களைத் திரும்பப் பாருங்கள்: போனது ராஜாக்களின் கிரீடம், ஆப்பிள், மகதலேனாவின் மேல் இருந்த பழி, சில அடிக்குறிப்புகள். சிலுவையும் காலியான கல்லறையும் அந்தப் பட்டியலில் வரவில்லை.

1947-இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் ஏசாயாவின் முழுச் சுருள் கிடைத்தது. அதுவரை நமக்கு இருந்த எபிரெய முழுப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் வித்தியாசங்கள் நிறைய இருந்தன, ஏசாயா சொன்ன செய்தி அதேதான். சோதித்தால் சில நேரம் இப்படியும் ஆகும். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தில் (1 தெசலோனிக்கேயர் 5:21) பின்பாதியும் உண்டு. உருவுவதே வேலையாகத் திரிகிற சில இளைஞர்களுக்கு அந்தப் பாதியை அடிக்கோடிட்டுக் காட்டவேண்டியிருக்கிறது.

"ஒரு தனி ஆள் மாறலாம். ஒரு சபையே மொத்தமா 'நாங்க போதிச்சது தப்பு'ன்னு ஒத்துக்கிட்டது உண்டா?"

உண்டு, அமெரிக்காவில். ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் என்பவர் 1934-இல் வானொலிப் பிரசங்கமாகத் தொடங்கிய இயக்கம், பின்னால் வேர்ல்ட்வைட் சர்ச் ஆஃப் காட் என்ற பெயரில் வளர்ந்தது. சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், ஒன்றுக்கு மேற்பட்ட தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு). கிறிஸ்துமஸ் கூடாது, பிறந்தநாள் கூடாது. திரித்துவம் கிடையாது. பிரிட்டனும் அமெரிக்காவும்தான் இஸ்ரவேலின் காணாமல்போன கோத்திரங்கள் என்றும் போதித்தார். அவர்கள் இலவசமாக அனுப்பிய பத்திரிகையின் பெயர் 'பிளெய்ன் ட்ரூத்', அப்பட்டமான சத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆம்ஸ்ட்ராங் 1986-இல் இறந்தார். அடுத்து வந்த ஜோசப் தக்காச் எதையும் புரட்டிப்போட வந்தவர் இல்லை. ஒவ்வொரு போதனைக்கும் வசன ஆதாரம் தேடத் தேட, ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போயிற்று. 1994 டிசம்பரில் அவரே பிரசங்கத்தில் நின்று, பழைய உடன்படிக்கையின் ஓய்வுநாளும் தசமபாகமும் கிறிஸ்தவனைக் கட்டாது என்று சொன்னார். நாற்பது வருஷம் சனிக்கிழமை வேலைக்குப் போகமாட்டேன் என்று வேலையை இழந்தவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! சில வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியேறினார்கள், காணிக்கை சரிந்தது, பிரிந்தவர்கள் தனித்தனிச் சபைகள் தொடங்கினார்கள். தக்காச் 1995-இல் இறந்துபோனார். மீந்தவர்கள் 1997-இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகளின் சங்கத்தில் சேர்ந்தார்கள், 2009-இல் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். உண்மையை ஒப்புக்கொண்டால் கூட்டம் பெருகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் சரி, வசனம், பிரதி, தேதி. வாழ்க்கையில என்ன மாறுது?"

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர் 1748-இல் கடும் புயலில் சிக்கி, கப்பலில் மனந்திரும்பினார். நம்மில் பலருக்கு அந்தச் சாட்சி தெரியும். அதற்குப் பிறகும் அவர் அடிமைகளை ஏற்றும் கப்பலுக்குத் தலைவராகப் போனார் என்பதைச் சாட்சிக்கூட்டத்தில் சொல்வதில்லை. கீழ்த்தளத்தில் சங்கிலி, மேல்தளத்தில் ஜெபம். 1754-இல் கடலை விட்டதும் உடம்பு சரியில்லாமல்தான். 1764-இல் குருவானார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக வாய் திறந்து எழுதியது 1788-இல். மனந்திரும்பி நாற்பது வருஷம்! அவர் கெட்டவர் அல்ல. சுற்றி இருந்த எல்லாரும் சரி என்று சொன்ன ஒன்றை அவருக்குக் கேள்வி கேட்கவே தோன்றவில்லை.

"சாதி விஷயத்துல பைபிள் தெளிவா இருக்கு. அதுல சோதிச்சுப் பார்க்க என்ன இருக்கு?"

வசனத்தைச் சோதிக்க வேண்டியதில்லை, நம்மைச் சோதிக்கலாம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபையில் சாதி வித்தியாசத்தை உறுதியாக, உடனே, முடிவாக விட்டுவிட வேண்டும் என்றார். தனித்தனி இருக்கை, நற்கருணைக்குத் தனித்தனியாக வருவது எதுவும் கூடாது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடிதம் வாசிக்கப்பட்டபோது பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், அவருடைய பாடல்களை இன்றும் கண்ணில் நீர்வரப் பாடுகிறோம். அவரே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதினார். அது கிறிஸ்தவத்துக்கு விரோதமில்லை, குலத்து மரியாதை என்பது அவர் பக்கத்து நியாயம். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலில் நடுவே சுவர் வைத்து, இரண்டு சாதித் தரப்பாரும் ஒரே பீடத்தைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆராதிக்க ஏற்பாடு இருந்தது. நடுச்சுவர் இடிக்கப்பட்டது 1910-இல். அதற்காகவும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இப்போது பேதுருவுக்கு வருவோம். துப்பட்டி தரிசனம் கண்டு, கொர்நேலியுவின் வீட்டில் சாப்பிட்டவர்தான், அந்தியோகியாவில் எருசலேமிலிருந்து தம் ஊர்க்காரர்களான யூதர்கள் வந்ததும், யூதரல்லாதாரோடு சாப்பிட்ட பந்தியை விட்டு விலகினார். பவுல் "முகமுகமாய்" எதிர்த்தார் என்கிறது கலாத்தியர் 2:11. தெரியாமல் விலகினாரா? நன்றாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்குப் பயந்து விலகினார்.

மூன்று ராஜாக்களை விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மகளுக்கு வரன் பார்க்கும்போது "நம்ம ஆளுங்களா?" என்று முதல் கேள்வி கேட்கிறோமே, அங்கேதான் கை நடுங்குகிறது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் தனித்தனிப் பகுதி வைத்திருக்கிற ஊர்கள் இருக்கின்றன. வகுப்பில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் முடிந்ததும் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. காபி டம்ளரைக் கழுவப் போய்விடுகிறார்கள்.

"பாஸ்டர்கிட்ட இதைக் கேட்டா கோபப்படுறாரு. என்ன பண்றது?"

ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்குகிற வாசலில், பத்துப் பேர் முன்னால் கேட்டீர்களா? அப்படியென்றால் நானும் கோபப்படுவேன். அப்பொல்லோ பெரிய பிரசங்கி, ஆனால் அவருக்குத் தெரிந்தது யோவான் ஸ்நானகனின் ஸ்நானம் மட்டும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதி ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று திருத்தவில்லை, தங்களோடு சேர்த்துக்கொண்டு "அதிக திட்டமாய்" விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). தனியாகப் போங்கள், ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். அப்படிப் போயும் "கேட்கக் கூடாது" என்பதே பதிலாக வந்தால், பெரோயாக்காரர்கள் பற்றிய முதல் பதிலைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஆராயுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

"நீங்க போதிச்சதுல எதையாவது தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்கீங்களா?"

ஊசிக் காது. "ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைப்பார்க்கிலும், ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது எளிதாயிருக்கும்" என்ற வசனத்துக்கு ஒரு விளக்கம் சொல்வேன். எருசலேமில் 'ஊசிக் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, சுமையை இறக்கி முழங்காலில் தவழ்ந்தால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடும் என்று. முழங்காலைக் கீழே மடக்கியும் காட்டுவேன். நல்ல வரவேற்பு. அப்படி ஒரு வாசல் முதல் நூற்றாண்டு எருசலேமில் இருந்ததற்குச் சான்று இல்லை, அந்த விளக்கம் இடைக்கால உரைகளில் தலைகாட்டுவது என்று பிறகு படித்தேன். மாற்கு 10-ஐ நிதானமாக வாசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். தவழ்ந்து போகிற வாசல்தான் என்றால், அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் ஏன் திகைக்கவேண்டும்? மனுஷரால் கூடாது, தேவனாலே கூடும் என்று இயேசு ஏன் சொல்லவேண்டும்?

அதே இடத்தில் நின்று, ஐந்து வருஷமாகச் சொன்னது தப்பு என்று சொன்னேன். வாசல் இல்லை, ஊசி என்றால் ஊசிதான். கூட்டம் அமைதியாக இருந்தது. முடிந்து செருப்பைப் போடும்போது, டவுனில் இரண்டு ஜவுளிக்கடை வைத்திருக்கிற எங்கள் கமிட்டிப் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த வாசல் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், இல்ல தம்பி?" என்று கேட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.